அரிசித் தீவுகள் – 9: ஜாவாவின் கூம்புக் கூடை

ஜாவாவின் பழைய அடுக்களையில் அரிசி இரண்டு முறை வேகும். களைந்த அரிசியைப் பானையில் போட்டு, அளவாகத் தண்ணீர் விட்டு, முதலில் அரைவேக்காடாக எடுப்பார்கள். தண்ணீர் முழுவதையும் அரிசி குடித்துவிடும். கஞ்சி வடிக்கிற பேச்சே இல்லை. இந்த அரைவேக்காட்டுக்கு ‘காரொன்’ என்று பெயர். பக்கத்து அடுப்பில் ‘டண்டாங்’ காத்திருக்கும். இடுப்பு சிறுத்து வாய் அகன்ற செம்புப் பாத்திரம் அது. அதில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது, மூங்கிலில் பின்னிய கூம்புக் கூடை ஒன்றைக் கூர்முனை கீழே போகும்படி அதன் வாயில் இறக்குவார்கள். அந்தக் கூடைதான் ‘குகுசான்’. காரொனை அதில் கொட்டி, மண்மூடியைக் கவிழ்த்தால், பின்னலின் இண்டு இடுக்கெல்லாம் ஆவி ஏறும். வெந்ததும் முறத்தில் கொட்டிக் கிளறியபடியே மூங்கில் விசிறியால் விசிற வேண்டும். ஒருத்தி கிளற, இன்னொருத்தி விசிறுவாள். ஈரம் தணிந்த சோறு பொலபொலவென்று உதிரும், சீக்கிரத்தில் ஊசாது. எடுத்துப் பொட்டலம் கட்டினால் வயல்வரை தாங்கும்.

இன்னொரு முறைக்கு ‘லிவெட்’ என்று பெயர். ‘கெண்டில்’ என்ற உருண்டைப் பானையில் அரிசியும் தண்ணீரும் வைத்து, வற்றும்வரை அப்படியே விட்டுவிடுவது. நேரம் மிச்சம், விறகும் மிச்சம். அடியில் பிடித்துக்கொள்ளும் காந்தலையும் வீணாக்க மாட்டார்கள். சோலோ நகரில் அதைப் பெயர்த்தெடுத்து, வெயிலில் காயவைத்து, எண்ணெயில் பொரித்துக் கடைகளில் தொங்கவிட்டிருப்பார்கள். ‘இந்திப்’ என்று கேட்டு ஊருக்கு வாங்கிப் போகிறவர்கள் உண்டு.

ஜாவாவின் சமையலைப் பற்றி எழுதுகிறவர்கள் அரண்மனைச் சமையல், குடியானவர் சமையல் என்று இரண்டாகப் பிரித்துவிட்டுத்தான் பேனாவையே எடுப்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சோறு எல்லோருக்கும் ஒன்றுதான். கையில் எத்தனை பிடி மிஞ்சியது என்பதில்தான் வித்தியாசம். அந்தக் கூடைக்குள் எப்போது அரிசி இருந்தது, எப்போது வேறு எதுவோ இருந்தது, விளைந்த நெல்லை யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால், ஜாவாவின் ஒவ்வொரு சோற்றுப் பண்டத்துக்கும் ஏறக்குறைய விடை கிடைத்துவிடும்.

*

சென்ற இதழில் பாலித் தீவின் சுபாக் பாசனத்தைப் பார்த்தோம். அங்கே ஊரார் கூடித் தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஜலசந்தியைத் தாண்டி மேற்கே வந்தால் அரசன் குறுக்கே வந்து நிற்கிறான். மெராப்பி, மெர்பாபு, லாவு, கெலுட் என்று வரிசையாக நிற்கும் எரிமலைகள் கக்கிய சாம்பல், வண்டல் மண்ணாகப் படிந்த சமவெளிகள் ஜாவாவில் ஏராளம். மலைச்சரிவில் ஓடைகளும் உண்டு. போட்டது விளையும். விளைகிற இடத்தில் வரி கேட்க ஆள் வராமல் இருப்பானா?

732-ஆம் ஆண்டு சஞ்சயன் என்ற அரசன், மத்திய ஜாவாவின் வுகிர் குன்றின்மேல் லிங்கம் நிறுவிக் கல்வெட்டு ஒன்றை வெட்டிவைத்தான். மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவ கிரந்தம். காஞ்சி கைலாசநாதர் கோயிலை எழுப்பிய தலைமுறை மறையாத காலம் அது. தன் தீவைப் பற்றி அதில் அவன் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இரண்டு செல்வங்களை: ஒன்று தானியம், மற்றொன்று தங்கம். தானியத்தைத்தான் முதலில் சொல்கிறான். 804-ஆம் ஆண்டைக் குறிக்கும் ஹரிஞ்ஜிங் சாசனம், கெடிரிப் பக்கம் கால்வாய் வெட்டிய செய்தியைச் சொல்கிறது. 1037-ல் ஐர்லங்கா மன்னன் பிராண்டாஸ் ஆற்றில் அணை கட்டி வெள்ளத்தைத் தடுத்ததை கமலக்யான் கல்வெட்டு பேசுகிறது. போரோபுதூர் ஸ்தூபி எழுந்ததும் பிரம்பானன் கோயில் எழுந்ததும் ஜாவா நெல்லின் கணக்கில்தான்.

விருந்துக்கும் சாசனம் உண்டு. ஓர் ஊரின் வரியை ஏதேனும் ஓர் அறக்கட்டளைக்கு ஒதுக்கி ‘சீமா’ நிலமாக அறிவிக்கும்போது, சாட்சிகளை அழைத்துச் சோறு போட வேண்டும். அப்போதுதான் அது செல்லுபடியாகும். யார் யார் வந்தார்கள், எவருக்கு என்ன துணி கொடுத்தார்கள், இலையில் என்ன விழுந்தது என்பதுவரை எழுதிவைத்திருக்கிறார்கள். 901-ஆம் ஆண்டின் தாஜி சாசனத்தில் 57 மூட்டை அரிசி, 6 எருமை, 100 கோழி என்று கணக்கு வருகிறது. கூடவே உப்புக்கண்டம், கருவாடு, முட்டை. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தைய பந்திச் செலவு இவ்வளவு துல்லியமாகக் கிடைக்கிற தேசங்கள் அதிகமில்லை. அந்த எழுத்தரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செங் ஹோவின் கப்பல்படையோடு வந்த சீன மொழிபெயர்ப்பாளர் மா ஹுவானும் இதே சோற்றைப் பார்க்கிறார். ஆண்டுக்கு இருமுறை நெல் விளைகிறது, அரிசி வெளுத்துச் சிறுத்திருக்கிறது, கோதுமை கிடையாது, கையால் அள்ளிச் சாப்பிடுகிறார்கள் என்று குறித்துக்கொள்கிறார். குச்சியால் சாப்பிடுகிறவருக்கு அது குறிக்கத்தக்க விஷயம்தான்.

அரசர் கணக்கு இப்படி இருக்க, வயலில் வேறொருத்தியின் ஆட்சி நடந்தது. நெல் என்பது தேவி ஸ்ரீயின் உடம்பு. அவள் இறந்து புதைந்த இடத்தில்தான் நெல்லும் தென்னையும் முளைத்தன என்கிறது கதை. ஊருக்கு ஊர் விவரம் மாறும். அவளை மிரட்டக் கூடாது என்பதால் அரிவாளோடு வயலில் இறங்குவதில்லை. ‘அனி-அனி’ என்றொரு கருவி இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன மரத்துண்டு, அதில் பதித்த ஒரு விரல்நீளத் தகடு. பெண்கள் அதைக் கைக்குள் மறைத்தபடி, கதிரை விரல்களால் வளைத்து, ஒவ்வொன்றாகக் கொய்வார்கள். அறுப்புக்கு முன் வயல் மூலையில் ‘விவிட்’ படையல் உண்டு: தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு, முழுக்கோழி, சம்பல். பாடுபட்டவர்கள் அங்கேயே வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவார்கள். மரபான ஜாவா வீட்டின் நடு அறையும் ஸ்ரீக்கு உரியது. அவளும் அவள் துணையும் மணமக்கள் கோலத்தில் பொம்மைகளாக அங்கே வீற்றிருப்பார்கள்.

*

இனி கூடைக்கு வருவோம். குகுசானில் இறுக்கி அமுக்கிய சோற்றைத் தாம்பாளத்தில் கவிழ்த்தால் அது மலைபோல் நிற்கும். அதுதான் ‘தும்பெங்’. மலையில் தெய்வம் குடியிருக்கிறது என்று நம்பிய தீவில், அடுக்களைக் கூடையே மேருவை வார்க்கும் அச்சாக ஆனது. கும்பாபிஷேக மேடையில் வைத்தாலும் பொருந்துகிற அந்த வடிவத்தை இஸ்லாம் வந்தபிறகும் ஜாவாக்காரர்கள் விடவில்லை. பிறப்பு, பெயர் சூட்டல், சுன்னத்து, கல்யாணம், சாவு எதுவானாலும் ‘ஸ்லாமெத்தான்’ என்ற விருந்து உண்டு. சாவுக்கு மட்டும் 3, 7, 40, 100 என்று நாள் கணக்கு, பிறகு முதலாண்டு, இரண்டாமாண்டு, கடைசியாக ஆயிரமாவது நாள்.

அமெரிக்க மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1950-களின் தொடக்கத்தில் கிழக்கு ஜாவாவின் பாரே என்ற ஊரில் தங்கி, ஊர்ப்பெயரை மாற்றி, 1960-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த விருந்தை விவரிக்கிறார். அக்கம்பக்கத்து ஆண்கள் வருவார்கள். பாயில் வட்டமாக உட்காருவார்கள். வீட்டுக்காரர் சபை வணக்கம் சொல்ல, இன்னொருவர் அரபியில் துஆ ஓதுவார். பிறகு சாப்பாடு. இங்கேதான் நம்மவர் திகைத்துப்போவார்: நாலு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். மீதியை இலையில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெண்டு பிள்ளைகளோடு சாப்பிடுவார்கள். பந்தி என்பது சாப்பிடும் இடமல்ல, பங்கு வாங்கும் இடம். இன்றைக்கு அந்தப் பங்கு மூங்கில் கூடையிலோ அட்டைப்பெட்டியிலோ வீடு தேடியே வருகிறது. ‘பெர்கத்’ என்று பெயர்.

தும்பெங்கைச் சுற்றி வைப்பதற்கும் கணக்கு இருக்கிறது. முழுக்கோழியைத் தலை வணங்கியதுபோல் கட்டித் தேங்காய்ப்பாலில் வேகவைத்த ‘இங்குங்’, துருவிய தேங்காயில் பிரட்டிய கீரையும் காராமணியும், அவித்த முட்டை, நெத்திலி. சுபகாரியத்துக்கு மஞ்சள் சேர்த்த சோறு. நபி பிறந்த மாதத்தில் அரண்மனை நகரங்களின் செகாத்தென் திருவிழாச் சந்தையில் விற்பதோ தேங்காய்ப்பால் சோறு, ‘செகோ குரிஹ்’. அறுப்புப் படையலில் ஸ்ரீக்கு வைத்த அதே சோறு நபியின் பேரிலும் வைக்கப்படுகிறது. எந்த மௌல்வியும் எந்தப் பூசாரியும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததல்ல இது. சமைத்த பெண்கள் எடுத்த முடிவு என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

*

உள்நாட்டில் விளைந்த நெல் வடகரைத் துறைமுகங்களுக்கு இறங்கியது. ஜெபாரா, தெமாக், தூபான், கிரெசிக் எல்லாம் அரிசி ஏற்றிப் பிழைத்த ஊர்கள். மலாக்காவில் பெரிதாக நெல் விளையாது. ஜாவா, சயாம், பெகு கப்பல்கள் வந்தால்தான் அங்கே உலை கொதிக்கும். 1511-ல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தபோது, அந்த அரிசி வரத்தைக் கையில் வைத்திருந்தவர் உத்திமுத்திராஜா என்ற ஜாவா வணிகத் தலைவர். போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க்கு அவரை அந்த ஆண்டே கொன்றுபோட்டார். அதே மலாக்காவில் போர்த்துக்கீசியர் கைதூக்கிவிட்டு பெண்டஹாரா என்ற உயர்பதவி கொடுத்த நினா சட்டு, தமிழ் வணிகர். நம் செட்டிமாரும் ஜாவா அரிசியை உண்டுதான் மிளகு பேரம் பேசியிருப்பார்கள்.

அரிசியால் ஒரு பேரரசு தோற்ற கதையும் இந்தக் கரையில்தான் நடந்தது. மாதாராமின் சுல்தான் ஆகுங், டச்சுக் கம்பெனியை விரட்டத் தீர்மானித்து 1628-ல் இன்றைய ஜகார்த்தாவான படேவியாவை முற்றுகையிட்டார். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து வந்த படைக்குச் சோறில்லாமல் பின்வாங்க நேர்ந்தது. மறுவருடம் முன்யோசனையோடு, வழியில் தெகாலிலும் சிரெபோனிலும் நெல்லைச் சேர்த்துவைத்தார்கள். கம்பெனிக்குத் துப்பு கிடைத்தது. கப்பலில் வந்து இரண்டு இடத்துக் களஞ்சியங்களையும் கொளுத்திவிட்டுப் போனார்கள். படேவியாவின் மதிலடியில் மாதாராம் படை பசியால் கரைந்தது. டச்சு கவர்னர் ஜெனரல் கூன் அந்த முற்றுகைக் காலத்திலேயே நோய்வாய்ப்பட்டு இறந்தது மட்டும்தான் ஆகுங்குக்கு மிஞ்சிய ஆறுதல்.

இந்தக் கரையின் சோற்றுப் பண்டங்கள் எல்லாம் நடமாடுகிறவர்களுக்கானவை: மீனவர், கப்பலில் மூட்டை தூக்குகிறவர், பத்திக் துணிக்கு மெழுகு வைக்கிறவர். பெகலோங்கானின் ‘மெகோனோ’வில் பிஞ்சுப் பலாவைப் பொடிப்பொடியாகக் கொத்தி, துருவிய தேங்காயோடும் இஞ்சி இனத்துப் பூவான கெச்சொம்ப்ராங்கோடும் ஆவியில் வேகவைப்பார்கள். விடியற்காலையில் சோற்றின்மேல் ஒரு பிடி. சிரெபோனின் ‘ஜம்பிளாங்’கோ தேக்கிலையில் வருகிறது. 1808-ல் வந்த டச்சு கவர்னர் ஜெனரல் டேன்டல்ஸ், தீவின் மேற்குமுனை அன்யெரிலிருந்து கிழக்கே பனாருகான்வரை சுமார் 1,000 கிலோமீட்டருக்குச் சாலை போட்டார். வேலை செய்தவர்கள் கட்டாயத்தில் இழுத்துவரப்பட்ட குடியானவர்கள். அவர்களுக்குக் கட்டிக்கொடுத்த சோறுதான் ஜம்பிளாங் என்பது ஊர்க்கதை. வாழையிலையில் கட்டினால் புழுங்கிவிடும். தேக்கிலை சொரசொரப்பானது, காற்று போக இடம் கொடுக்கும். ஒரு பொட்டலத்தில் கைப்பிடிச் சோறுதான் இருக்கும். இன்று அதே கைப்பிடிச் சோற்றை இரண்டு மூன்றாக எடுத்துக்கொண்டு, வரிசையாக வைத்த தட்டுகளிலிருந்து கணவாய்க்கறி, டோஃபு, தெம்பே, நீளவாக்கில் நறுக்கி வதக்கிய சிவப்பு மிளகாய் என்று வேண்டியதைக் கேட்டு வாங்குகிறார்கள்.

குதுஸ் நகரத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1549-ல் எழுந்த அதன் பள்ளிவாசலின் மினாரா, மஜபாஹித் பேரரசுக் காலத்துக் கோயில் கோபுரத்தின் சாயலில் செங்கல்லால் ஆனது. அதை நிறுவிய சுனன் குதுஸ், ஊரிலிருந்த இந்துக்களின் மனம் நோகக்கூடாதென்று பசுவை அறுக்க வேண்டாம் என்றார் என்பது மரபு. இன்றுவரை குதுஸ்காரர்கள் பசுவை அறுப்பதில்லை, பக்ரீத்துக்கும் எருமைதான். ‘நாசி பிண்டாங்’ என்ற கறுத்த குழம்பு ஊற்றிய சோற்றிலும் எருமைக்கறிதான் மிதக்கும். கட்டளை போட்டவரின் மதமும் கட்டளையால் காக்கப்பட்டவர்களின் மதமும் வேறு. சொன்னவர் போய் ஐந்நூறு ஆண்டு ஆகப்போகிறது, ஊரில் கேட்பவர்களும் அநேகமாக அவர் மதத்தாரே. ஆனாலும் கறிக்கடைக்காரர் மீறவில்லை.

*

உள்நாட்டில் 1755-ல் ஒரு பாகப்பிரிவினை நடந்தது. கம்பெனி நடுவே உட்கார்ந்து கியாந்தி ஒப்பந்தத்தில் மாதாராமை இரண்டாக வகிர்ந்தது. சுரகர்த்தா என்ற சோலோ ஒருவருக்கு, யோக்யகர்த்தா இன்னொருவருக்கு. இடையே சுமார் அறுபது கிலோமீட்டர்தான். நடனம், உடை, கிரிஸ் கத்தியின் கைப்பிடிவரை இரண்டு அரண்மனைகளும் வேறுபடுத்திக்கொண்டன. சோறும் அப்படியே ஆனது. சோலோவுக்கு ‘நாசி லிவெட்’, யோக்யாவுக்கு ‘குடெக்’.

சோலோவில் அந்தி சாய்ந்ததும் லிவெட்காரம்மாக்கள் நடைபாதையில் மூங்கில் கூடைகளைச் சுற்றிப் பரப்பித் தணிவான பலகையில் உட்கார்ந்துவிடுவார்கள். வாழையிலைத் துண்டைக் கூம்பாக மடித்து, ஈர்க்குச்சியால் ஒரு குத்து, அது ‘பின்சுக்’. கோழிச்சாறும் தேங்காய்ப்பாலும் சலாம் இலையும் சேர்த்துப் பொங்கிய சோறு அதில் இரண்டு கரண்டி. அதன்மேல் சௌசௌவை விரல்நீளத்துக்கு நறுக்கிக் காரமாகச் செய்த குழம்பு. பிய்த்த கோழிக்கறி நாலைந்து நார். முட்டையை எடுத்து, கத்தி தேடாமல் நூலால் இழுத்துப் பாதியாக்கி ஒரு பாதி. கடைசியில் ‘அரெஹ்’, அதாவது திரளத் திரளக் காய்ச்சிய தேங்காய்ப்பால் ஏடு, ஒரு கரண்டி. இவ்வளவும் முடிய அரை நிமிடம் ஆகாது. வாங்குகிறவர் அங்கேயே பாயில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

லிவெட் மிகப் பழையது, சோலோ இளவரசர் ஆணையில் 1814 முதல் எழுதப்பட்ட ‘செராத் சென்தினி’ என்ற பெருநூலிலேயே இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். லிவெட்டாகச் சமைக்கும் முறை பழையதாக இருக்கட்டும், மறுப்பில்லை. ஆனால் இன்றைய பின்சுக்கில் முக்கியஸ்தரான சௌசௌ மெக்சிகோக்காரர். மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். கிழக்கே மதியுன் நகரின் ‘பெச்செல்’ சோற்றை நிலக்கடலைச் சட்னி இல்லாமல் நினைக்க முடியாது. நிலக்கடலையும் அதே கப்பலில் வந்தது. பாரம்பரியம் என்று தட்டில் வைக்கிறவற்றில் பாதி, கடல்தாண்டி வந்து குடியுரிமை வாங்கியவை.

யோக்யாவின் குடெக்குக்குப் பிஞ்சுப் பலா, தேங்காய்ப்பால், தென்னங்கருப்பட்டி. சட்டியின் அடியில் தேக்கிலையைப் பரப்பிவிட்டு இரவு முழுக்க விறகடுப்பில் விட்டால், விடிகிறபோது எல்லாம் செங்காவி நிறத்தில் குழைந்திருக்கும். தித்திப்பென்றால் அப்படியொரு தித்திப்பு. கூடவே மாட்டுத்தோலைப் பொரித்துக் காரக்குழம்பில் போட்ட ‘கிரெசெக்’ இல்லையென்றால் நமக்கெல்லாம் இரண்டாவது கவளம் இறங்காது. மாதாராம் தோன்றிய காலத்தில் காடு திருத்திய படைவீரர்கள், அங்கே ஏராளமாகக் கிடைத்த பலாவையும் தேங்காயையும் பெரிய அண்டாவில் துடுப்பால் கிளறியதில் பிறந்தது குடெக் என்று கதை. நன்றாக வெந்து வற்றிய உலர் குடெக் கெடாமல் தாங்குவதால்தான் மூங்கில் பெட்டியிலும் மண்சட்டியிலும் அடைத்து ரயிலேற்றுகிறார்கள்.

இந்தத் தித்திப்புக்கு ஒரு பொருளாதாரக் காரணம் சொல்லப்படுகிறது. திபொனெகோரோ இளவரசரோடு நடந்த 1825–30 போரில் கஜானா காலியான டச்சு அரசு, 1830-ல் வான் டென் போஷ் வகுத்த கட்டாயச் சாகுபடித் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஊர் நிலத்தில் ஐந்திலொரு பங்கில் அரசு கேட்கும் ஏற்றுமதிப் பயிரை வைக்க வேண்டும். கரும்புக்கும் நெல்லுக்கும் வேண்டியது ஒரே நஞ்சை, ஒரே வாய்க்கால். நெல் விளைந்த இடத்தில் கரும்பு நின்றது. அரிசி குறைந்து சர்க்கரை மலிந்த மக்கள் எதிலும் சர்க்கரை போடப் பழகினார்கள் என்பது வாதம். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் குடெக்கில் விழுவது ஆலைச் சர்க்கரையல்ல, தென்னையில் இறக்கிக் காய்ச்சிய கருப்பட்டி. அதற்கு டச்சுக்காரர் தயவு தேவைப்பட்டதில்லை. இந்த வாதத்தைப் பாதிக்கு மேல் நான் நம்பமாட்டேன்.

நம்ப வேண்டிய பாதி கசப்பானது. 1840-களின் கடைசியில் தெமாக்கிலும் குரோபோகானிலும் பஞ்சம் வந்தது. ஜாவாவின் நெற்களஞ்சியம் என்று பேர்பெற்ற பகுதியில் குடும்பம் குடும்பமாகச் செத்தார்கள், பிழைத்தவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். 1860-ல் வெளிவந்து ஹாலந்தின் மனசாட்சியை உலுக்கிய ‘மாக்ஸ் ஹவெலார்’ நாவலை எழுதியவர், இந்த ஆட்சியில் உத்தியோகம் பார்த்துவிட்டுப் போனவர்.

கிழக்கே போகப் போகத் தித்திப்பு குறைந்து இறால்விழுதின் நெடி ஏறும். சுரபாயாவின் ‘ராவொன்’ மைபோல் கறுத்த மாட்டுக்கறிச் சாறு. அந்தக் கறுப்பு, ‘க்ளுவாக்’ என்ற கொட்டையின் பருப்பிலிருந்து வருவது. பச்சையாகத் தின்றால் சயனைடு ஆளைக் கொல்லும். வேகவைத்துச் சாம்பலில் புதைத்து நாற்பது நாள்போல விட்டு எடுத்தால் நஞ்சு போய், பருப்பு கறுத்துக் குழைந்துவிடும். முதல்முதலில் இதைக் கண்டுபிடிக்க எத்தனை பேர் செத்தார்களோ என்று யோசிக்காமல் சாப்பிடுவது உத்தமம். சோறு, முளைகட்டிய பயறு, உப்பிலிட்ட வாத்து முட்டை, இவற்றோடு ராவொன் ஒரு முழுச் சாப்பாடு.

*

இடையில் சில ஆண்டுகள் ஜாவாவை ஆண்ட பிரிட்டிஷாரின் லெப்டினன்ட் கவர்னர் ராஃபிள்ஸ் 1815-ல் எடுத்த கணக்கில் ஜாவாவின் ஜனத்தொகை ஏறக்குறைய 46 லட்சம். 1930 கணக்கெடுப்பில் பக்கத்துத் தீவான மதுராவையும் சேர்த்து 4 கோடியே 17 லட்சம். நிலம் அதே நிலம். அந்த இடைவெளியை நிரப்பியது மரவள்ளிக்கிழங்கு. தெற்கே குனுங்கிதுல், வொனோகிரி, பாசித்தான் ஆகியவை சுண்ணாம்புக்கல் பூமி. பெய்த மழை அப்படியே பூமிக்குள் இறங்கிவிடும், நெல்லுக்கு நீர் நிற்காது. அங்கே மரவள்ளியைச் சீவி வெயிலில் உலர்த்தி ‘கப்லெக்’காக அடுக்கிவைப்பார்கள். வேண்டும்போது இடித்து மாவாக்கி, முறத்தில் தண்ணீர் தெளித்துப் பிசறி, மணிமணியாக உருட்டி, குகுசானில் கொட்டி ஆவியில் வேகவைத்தால் அது ‘திவுல்’. அரிசிக்கென்று பின்னிய கூடை, அதே டண்டாங், அதே மண்மூடி. கூடவரும் கீரையும் சம்பலும் கருவாடும்கூட மாறவில்லை. சோற்றின் இலக்கணத்தை விடாமல் சோற்றை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

1942 மார்ச்சில் டச்சுக்காரர் சரணடைந்து ஜப்பானியர் வந்தார்கள். விளைந்த நெல்லில் குறித்த பங்கைக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டும். ஊரைவிட்டு ஊர் அரிசி நகரக் கூடாது. உழைக்கும் வயது ஆண்கள் ‘ரோமுஷா’ என்ற கட்டாயக் கூலிகளாக இழுத்துச் செல்லப்பட்டார்கள். துணியும் கிடைக்காமல் சாக்கை உடுத்திய காலம் என்று முதியவர்கள் சொல்வதுண்டு. 1944–45 பஞ்சத்தில் ஜாவாவில் இறந்தவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அந்தத் தலைமுறைக்குத் திவுல் என்றால் பசியின் ஞாபகம்.

எனவே விடுதலைக்குப் பிறகு வந்த அரசியலில் அரிசியே முதல் கேள்வியாக இருந்ததில் வியப்பில்லை. 1952 ஏப்ரலில் போகோரில் வேளாண் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டிய முதல் ஜனாதிபதி சுகர்ணோ, மக்களின் உணவு வாழ்வா சாவா என்ற பிரச்சினை என்று பேசினார். அரிசியை மட்டும் நம்பாதீர்கள், சோளம் சாப்பிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். நாட்டின் எல்லா மூலைச் சமையலையும் திரட்டச் சொல்லி அவர் தொடங்கிவைத்த ‘முஸ்திகா ராசா’, 1,600-க்கும் மேற்பட்ட செய்முறைகளோடு 1967-ல் அச்சாகி வந்தது. அதே 1967 மார்ச்சில் அவர் பதவி பறிபோனது. புத்தகம் பரணுக்குப் போயிற்று.

அடுத்துவந்த சுகார்த்தோ வேறு வழியில் போனார். மணிலாவுக்கு அருகிலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான குட்டை நெல் ரகங்கள், உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாம் ஒரே மூட்டையாகக் கிராமத்துக்கு வந்தன. நெல்லைக் கொள்முதல் செய்ய ‘புலோக்’ என்ற அரசு அமைப்பு. அரசு ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு அரிசி. அவர்கள் சோளம் தின்னும் மதுராவில் இருந்தாலும் சரி, சாகோ தின்னும் மலுக்குவில் இருந்தாலும் சரி. சோறு உத்தியோகஸ்தர் உணவாகியது. திவுலும் சோளச்சோறும் ஏழையின் அடையாளமாகின. குட்டை ரகத்தில் கதிர் உதிரும், உயரமும் போதாது, அனி-அனி எடுபடவில்லை. அரிவாள் வந்தது, கூடவே அறுப்பை மொத்தமாகக் குத்தகைக்கு எடுக்கும் ஆட்கள் வந்தார்கள். கதிர் கொய்து பங்கு நெல் வாங்கி வந்த பெண்கள் வயலுக்கு வெளியே நின்றார்கள். பசுமைப் புரட்சியைப் பாடுகிற புத்தகங்கள் இந்தப் பெண்களைத் தாண்டித்தான் போகும். டெலாங்குவின் புகழ்பெற்ற ‘ரோஜோலெலே’, வாசம் தூக்கும் உயரமான நெல், விளைய ஐந்து மாதம் பிடிக்கும்; வருடத்துக்கு மூன்று போகம் கேட்கிற காலத்தில் அதற்கு யார் வயல் ஒதுக்குவார்?

இடையில் புகையான் பூச்சி வந்து வயல்களைத் தீய்த்தது. மருந்து அடிக்க அடிக்க அது பெருகியது, அதைத் தின்னும் சிலந்திகள்தான் செத்தன. 1986-ல் அரசு 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு ஒரேயடியாகத் தடைசெய்தது. அதற்குள் 1984-ல் அரிசியில் தன்னிறைவு அடைந்துவிட்டதாக அறிவிப்பு வந்திருந்தது. மறுவருடம் ரோமில் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பின் மேடையில் சுகார்த்தோ பேசினார். தன்னிறைவு நெடுநாள் நிலைக்கவில்லை. இந்தோனேசியா திரும்பவும் அரிசி வாங்குகிற நாடாகிப்போனது.

இன்றைக்கு ஜாவா வீடுகளில் ‘மேஜிக் காம்’ என்று அழைக்கப்படும் மின்சாரக் குக்கர்தான். டண்டாங் பழம்பொருள் கடையில் விலைபோகிறது. யோக்யாவின் தெருவோரத் தள்ளுவண்டிகளில் ‘நாசி குச்சிங்’, அதாவது பூனைக்குப் போடுமளவு சோறு, ஒரு கட்டி சம்பல், இரண்டு நெத்திலியோடு பொட்டலமாகக் கிடைக்கும். மாணவர்களும் ரிக்‌ஷாக்காரர்களும் மூன்று நான்கு பொட்டலம் பிரிப்பார்கள். குனுங்கிதுல் சாலையோரம் திவுல், கருப்பட்டி சேர்த்து இனிப்பாக, சுற்றுலாக் கார்களை நிறுத்தி விற்கப்படுகிறது. உடனடித் திவுல் பாக்கெட்டும் உண்டு. விலையைப் பார்த்துப் பழைய ஆட்கள் சிரிக்கிறார்கள்.

மேற்கு ஜாவாவின் மலைகளில் சுண்டா மக்களின் சிப்தாகெலார் என்ற ஊர் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு போகம்தான் வைப்பார்கள், நெல்லை விற்பது அங்கே குற்றம். அந்த ஊரின் குதிர்களை அடுத்த இதழில் திறந்து பார்ப்போம்.

(தொடரும்)